சங்குக்கு ஒரு மூடி

"எம்பொண்டாட்டி என்ன சப்பரமா, சுத்தி நின்னு பாக்குறதுக்கு?"

காசிமாயன் கையை அகல விரித்து மறித்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆறு பேரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். ஆசுபத்திரி பெஞ்சில் ஒச்சம்மாள் துண்டால் வலது கன்னத்தை மூடிக்கொண்டு முனகினாள். கன்னத்தில் புற்று. அறுக்கவும் முடியாது, கதிர்க் கரண்டு வைத்தும் கேட்கவில்லை என்று ஆன பிறகு, வலிக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஸ்யாமளாவிடம் அனுப்பியிருந்தார்கள். அந்தம்மாள் வைத்தியம் பார்க்கிற கையோடு பாடமும் நடத்துகிறவள். நம்ம உயிர் போகிறது, இவர்களுக்குப் படிப்பு நடக்கிறது என்று காசிமாயனுக்கு வயிறு எரிந்தது.

"அவர் சொல்லாம யாரும் கிட்ட வரக்கூடாது" என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, டாக்டர் மட்டும் வந்து பெஞ்சருகே குந்தினாள். "பெரியவரே, போன வாரம் குடுத்த மருந்து எங்க?"

துணிப்பையிலிருந்து புட்டியை எடுத்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது. பத்திரமாக வைத்திருந்ததற்குப் பாராட்டு வரும் என்றுதான் நினைத்தார்.

"கத்துறப்ப மட்டும் ஒரு மூடி குடுப்பேன். அபின்ல செய்யிற மருந்தாம்ல? இப்பவே குடுத்துப் பழக்கிட்டா கடேசி வலிக்கு எதைக் குடுக்குறது?"

பட்டாபிராமன் என்ற மாணவன் நோட்டில் எழுதியபடி சொன்னான். "சொன்னபடி குடுக்கலை மேடம்."

"அதை அடிச்சுடுங்க பட்டாபி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதினது நான். வீட்ல கடிகாரம் இருக்கான்னு கேக்கலை. வலி வர்றதுக்கு முந்தியே குடுத்துடணும், கூட வேணும்னா கூட்டிக்கலாம், மருந்து தோத்துப்போகாதுன்னு புரியற மாதிரி சொல்லலை. தப்பு என்னுதுன்னு எழுதுங்க."

காசிமாயன் அந்தம்மாளை முறைத்துப் பார்த்தார். பண்ணையார், கம்பவுண்டர், பஸ் கண்டக்டர் என்று அறுபது வருசமாக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பார்! தன் ஆட்கள் முன்னாலேயே தப்பு என்னுது என்று சொன்னவர் ஒருத்தருமில்லை. இதிலும் ஏதாவது சூது இருக்குமோ? ஆனாலும் விரித்த கை இறங்கிவிட்டது.

டாக்டர் சொன்னபடி பட்டாபிராமன் தரையில் உட்கார்ந்து கேட்டான். "ஐயா, உங்க வீட்ல காலையில மொதல்ல என்ன சத்தம் கேக்கும்?"

"இவ முனகுறதுதான்."

பேனா நின்றது.

"அதுக்கப்புறம்?"

"ஏழு மணிக்கு மில்லுச் சங்கு."

ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினான். காலைச் சங்குக்கு ஒரு மூடி. பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட விடுகிற மணிக்கு ஒன்று. மூணு மணிச் சங்குக்கு ஒன்று. டீக்கடை ரேடியோவில் ராத்திரி ஏழு மணிச் செய்திக்கு ஒன்று. படுக்கிறபோது பதினொரு மணிக் கடைசிச் சங்குக்கு, விடிகிறவரை தாங்க, இரண்டு.

"தீந்துபோனா?" என்றார் காசிமாயன்.

"வாங்க, தர்றேன்" என்றாள் டாக்டர்.

"கவர்மெண்டு ஆசுபத்திரி. இன்னைக்கு இருக்கும்பாக, நாளைக்கு இல்லைம்பாக."

"இல்லைன்னா பசுமலையில என் வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடுங்க. இப்பப் போட்டீங்களே, அதே மாதிரி."

"போடுவேன்" என்றார்.

மூன்றாம் நாள், கோச்சடையில் தங்கள் வீட்டு வாசலில் ஒச்சம்மாள் சுளகோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகைத் தொட்டு இரண்டு மாதமாகியிருந்தது. மூணு மணிச் சங்கு ஊதியதும் காசிமாயன் புட்டியைத் தூக்கி வெயிலில் பார்த்தார். பாதிக்கும் கீழே போய்விட்டது.

"வலியே இல்லைய்யா" என்றாள் அவள். "எடுத்து வைங்க, கெட்ட நேரத்துக்கு ஆகும்."

அவர் கை நின்றது. சொல்வதும் நியாயம்தானே! சங்கு இழுத்து இழுத்து இறங்கத் தொடங்கியது. விறுவிறுவென்று மூடி நிறைய ஊற்றினார்.

"இல்லாதப்பவே குடுக்கணும். வாயத் தொற புள்ள."

"அந்த டாக்டரம்மா சொன்னதை நம்பிட்டீகளாக்கும்?"

"நம்பல. தொற."

நல்ல கன்னத்துப் பக்கமாக அவள் வாயைத் திறந்தாள். சங்கு ஓய்வதற்குள் மூடி காலியாகிவிட்டது. கசப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு, ஒச்சம்மாள் சுளகை மடிக்கு இழுத்து அடுத்த கல்லைத் தேடினாள்.