இரண்டாவது குழி

புயல் விட்டபாடில்லை. வெர்லா ஸ்ட்ரவுடின் மரக்குடிலில் ஜன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்தது. கொலராடோ மலையில் குளிர்காலம் முழுக்கத் தனியே இருந்து, பனியையும் காற்றையும் அளந்து, கீழே நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு ரேடியோவில் சொல்வது அவள் வேலை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு மனித முகம் பார்க்கவில்லை.

இன்று பார்த்துவிடலாம் என்றிருந்தாள். தம்பி கோல்பி பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தான். நாளை அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பல் வேலைக்குப் போகிறான். திரும்பி வர இலையுதிர் காலமாகிவிடும். குடிலுக்கு வர ஒரு பெரிய வெட்டவெளிச் சாய்வைக் குறுக்கே கடக்கவேண்டும். அதிலுள்ள பனி தாங்குமா, பெயர்ந்து அவனை அள்ளிக்கொண்டு போகுமா என்று அவள்தான் சொல்லவேண்டும்.

குடிலுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே பனியில் குழி வெட்டினாள். குழியின் சுவரில் ஒரு தூணை அறுத்துப் பிரித்து, அதன் உச்சியில் மண்வாரியை வைத்துத் தட்டினாள். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்து, பிறகு முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்து ஓங்கி. தூண் அசையவில்லை; பனி தாங்கும் என்று அர்த்தம். சந்தோஷமாக உள்ளே போய் அடுப்பில் பீன்ஸ் ஏற்றினாள்.

ரேடியோ கரகரத்தது.

“அக்கா, மரக்காடு முடியிற இடத்துல நிக்கிறேன். வரட்டுமா? மூக்கு விறைச்சுக் கழண்டு விழுந்துடும் போலிருக்கு.”

“அந்த மூக்கு போனா நஷ்டமில்ல.”

“குழி வெட்டினியா? என்ன சொல்லுது?”

வாய்வரை வந்த “வா” அங்கேயே நின்றது. காற்றே நுழையாத இடத்தில் அல்லவா வெட்டியிருக்கிறாள். வெட்டவெளியில் காற்று பனியை வாரிக்கொண்டுவந்து குவித்திருக்கும். வேண்டிய பதில் கிடைக்கிற இடமாகப் பார்த்து வெட்டாதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவளே திட்டியிருக்கிறாள்.

“பொறு. இன்னொண்ணு வெட்டணும்.”

“ஏன், மொதக் குழி பிடிக்கலியா?”

“ரொம்பப் பிடிச்சுது. அதான்.”

குடிலுக்கு அப்பால், சாய்வு பார்க்கும் அதே திசையைப் பார்த்தபடி ஒரு சிறு மேடு இருந்தது. ஆள் உயரம்தான், பெயர்ந்தாலும் ஆபத்தில்லை. அங்கே வெட்டினாள். மேலே பலகைபோல் இறுகிய புதுப்பனி, அடியில் சர்க்கரையாக உதிரும் பழைய பனி. தூணின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து முடிப்பதற்குள், மண்வாரி படாமலே, மேல்பாளம் வழுக்கி அவள் முழங்காலில் வந்து விழுந்தது. உள்ளே ஓடி ரேடியோவை எடுத்தாள்.

“திரும்பிப் போ, கோல்பி.”

“கிண்டலா?”

“இல்ல. வந்த தடத்துலயே போ. மரங்கள விட்டு வெளிய வராத.”

“ஒரே ஓட்டமா கடந்துடுவேன்.”

“புதைஞ்சா தோண்ட யாரு இருக்கா? நான் ஒருத்தி. நான் வந்து சேர்றதுக்குள்ள…”



“அம்மா ஆப்பிள் கேக் குடுத்துவிட்டா. நானே தின்னுடுவேன்.”

“தின்னு. நடந்துக்கிட்டே தின்னு.”

மறுநாள் வானம் வெளுத்தது. வெர்லா வெளியே வந்து பார்த்தாள். சாய்வு ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. ஊரைவிட்டுக் கிளம்புமுன் கோல்பி அலுவலக ரேடியோவில் கூப்பிட்டான்.

“சாய்வு சரிஞ்சுதா?”

“இல்ல.”

“அப்போ வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாமோ என்னமோ,” என்றாள். “எனக்குத் தெரியாது.”

“சரிக்கா. வண்டி நிக்குது.”

ரேடியோ அடங்கியபிறகும் அவள் கருவியைக் கீழே வைக்கவில்லை. எதிரே சாய்வு வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.