ஆர்வோ வீட்டுப் பனியை வழித்தவன்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எதிர்வீட்டு டோரீன் நடுத்தெருவில் என்னை நிறுத்தி, "ரெண்டு நாளா அந்த மனுஷன் வீட்டுப் பனிய யாருப்பா வழிச்சது?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றேன். வழித்தது நான்தான். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால்தான் கதைக்குச் சுவை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒளித்தது போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: தண்டர் பே நகரின் மேல் யாரோ வெண்பட்டு விரித்தாற்போல்

(அடித்துவிட்டேன். பனி வழிப்பவன் எவனும் அதைப் பட்டு என்று சொல்லமாட்டான். முதுகு ஒடியும்.)

இரண்டாம் தொடக்கம்: ஆர்வோ கல்லியோ, எழுபத்தெட்டு வயது, மனைவி போனபின் தனியாள், என் பக்கத்து வீட்டுக்காரர். பனி வழிக்கிற மிஷின் வாங்கமாட்டார். தினமும் ஏழு மணிக்குப் பனி வாரும் அகலமான ஷவலோடு வாசலில் இறங்கிவிடுவார். "நான் வழிச்சுத் தர்றேனே" என்றால், "மொதல்ல உன் வாசலப் பாருடா, கோணக் கோணலா வழிச்சு வச்சிருக்க" என்பார்.

இதையும் பாதியில் விட்டேன். அவரை வேடிக்கை மனிதராக்கினால் நான் நல்லவனாகத் தெரிவேன்.

3

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எட்டு மணிக்குப் பிறகும் ஒரு வீட்டில் கார் ஏறிவரும் டிரைவ்வேயில் பனி அப்படியே கிடந்தால், போய்க் கதவைத் தட்ட வேண்டும். வழித்திருந்தால் உள்ளே ஆள் நலம் என்று அர்த்தம்.

(அடிக்குறிப்பு: ஆர்வோவின் கதவைத் தட்டினால் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கிடைக்குமாம். ஆனால் அவர் யாரையும் தட்டவிட்டதில்லை.)

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு என் வாசலை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். நகராட்சி லாரி தெருப் பனியையெல்லாம் தள்ளி, அவர் வாசலை மறித்துக் கரைகட்டிவிட்டுப் போயிருந்தது. கல் மாதிரி இறுகிய பனி. இன்று ஒருநாளாவது தூங்கட்டுமே என்று மிஷினை அங்கேயும் ஓட்டினேன். புதன்கிழமையும் ஓட்டினேன். அவர் வந்து திட்டவில்லை. மனிதர் இளகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

வியாழக்கிழமை சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டேன். வழிக்கவில்லை. எட்டேகாலுக்கு டோரீன் போய்க் கதவைத் தட்டினாள்.

செவ்வாய் விடியும் முன்பே சமையலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மேசைத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு நாள் கிடந்திருக்கிறார்.

4

கதையில் அவரைச் சாகடித்துப் பார்த்தேன். செத்துவிட்டால் நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பக்கம் எழுதியதும் வெட்கமாகிவிட்டது, கிழித்தேன். உண்மையில் அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"மிஷின் சத்தம் கேட்டுச்சுடா. ரெண்டு நாளும். கத்தினேன், கத்தினேன். அவனுக்குக் கேக்கவே இல்ல."

"காதுல மூடி போட்டிருப்பான்."

(அன்றைக்கு அவரிடம் நான் சொன்ன உண்மை இது ஒன்றுதான்.)

"யாருன்னு தெரிஞ்சா என்கிட்ட கூட்டியா."

"திட்டவா?"

"தெரியல. அவன் வழிச்சதாலதான் யாரும் வந்து தட்டல. ஆனா நாளைக்கும் வருவான்னுதான் உசுரப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். திட்டணுமா, கையப் புடிச்சுக்கணுமான்னு அவன் மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும்."

என் மூஞ்சியைப் பார்த்தபடிதான் சொன்னார்.

5

முடிவு ஒன்று: சொல்கிறேன், சிரிக்கிறார். (நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

இன்னொன்று: சொல்லாமலே, அவர் இருக்கும்வரை அவர் வாசலை வழித்து

இல்லை. அது மறுபடியும் ஒளிவதுதான்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று முழங்கால்வரை பனி. மணி ஏழு ஐம்பது. மிஷினை எடுக்கவில்லை. பனியில் இறங்கி நடந்துபோய்க் கதவைத் தட்டுகிறேன். ஊன்றுகோல் மெதுவாக நெருங்குகிறது. கதவு திறக்கிறது.

"என்னடா, வெறுங்கையோட வந்து நிக்கிற?"

"ஆர்வோ, அன்னைக்கு மிஷின் ஓட்டினது நான்தான்."

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத முடியாது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.