வெயிலா, குரலா

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் முப்பது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் குடியிருந்த மாடி அறையின் ஜன்னலோரம் ஒரு தொழுகண்ணிச் செடி இருந்தது. ஒவ்வொரு பெரிய இலைக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன இலைகள். காற்றே இல்லாவிட்டாலும் அவை மெல்ல எழும், இறங்கும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த அவள், தலை வாரிக்கொண்டே அன்றைய அறிவிப்புகளை அதன் முன்னால் சொல்லிப் பார்ப்பாள். தன் குரலைக் கேட்டுத்தான் செடி ஆடுகிறது என்பது அவள் கட்சி. வெயில் சூட்டுக்குத்தான் என்பது இவர் கட்சி. "உன் குரலுக்கு பஸ்ஸே நேரத்துக்கு வரல, இலையா ஆடப் போகுது?" என்பார். வீடு மாறியபோது செடி பட்டுப்போனது; வழக்கு மட்டும் போகவில்லை. என்ன அருமையான சண்டை அது! இப்போது நினைத்தாலும் அவருக்கு ஏக்கமாக இருந்தது.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை நடந்தது. பேசிப் பழகினால் குரல் வரும், பழைய குரலாக இராது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வார்த்தை பேசிப் பார்த்தாள். அது தன் குரல்தான் என்று நம்ப முடியாமல் வாயை மூடிக்கொண்டவள்தான்; ஏழு மாதமாக எல்லாமே நோட்டில் எழுத்துதான். ஊரையே பஸ் ஏற்றிவிட்டவள் "உப்பு கம்மி" என்று எழுதிக் காட்டுவதை அவரால் சகிக்க முடியவில்லை.

அந்தப் பழைய செடியிலிருந்து அவள் எடுத்துவைத்த விதைகள் ஒன்பது, ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அகப்பட்டன. செடி வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் வாய் திறப்பாள் என்று கணக்குப் போட்டார் மனிதர். விதைத்தோல் கல் மாதிரி இருந்தது. உப்புத்தாளில் ஒவ்வொன்றையும் லேசாகத் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டு விதைத்தார். இரண்டு முளைத்தன. ஒன்று தண்ணீர் அதிகமாகி அழுகியது.

மிஞ்சியது வளர்ந்தது, ஆனால் ஆடவில்லை. காம்புக்கு ஒரே இலை. அதுவும் ஆணி அடித்தது போல நின்றது. பூதக்கண்ணாடியோடு எதிரில் உட்கார்ந்து பார்த்து அலுத்துப்போய், இது ஏதோ களை என்று ஒரு நாள் பிடுங்கப் போனார். அவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அவசரக்குடுக்கை. முதல்ல இப்படித்தான் இருக்கும். சின்ன இலை இனிமேதான் வரும்" என்று எழுதிக் காட்டினாள்.

வந்தது. ஒரு நண்பகல், அறை முழுக்க வெயில், சத்தமே இல்லை. சின்ன இலைகளில் ஒன்று மெல்ல எழுந்தது, மற்றது இறங்கியது. இருவரும் வாயே திறக்கவில்லை, செடி அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வழக்கில் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உன் குரல் தேவையே இல்லை என்று அவளுக்குக் காட்டவா இத்தனை பாடுபட்டோம்? நோட்டை எடுப்பாள் என்று பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

"வெயிலுக்குத்தான் ஆடுது," என்றாள். கரகரத்து, பாதியில் காற்றாகிப்போன குரல். "நீங்க சொன்னதுதான் சரி."

முப்பது வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அவருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன.

"இல்லம்மா. இப்ப நீ பேசினதும்தான் வேகமா ஆடுச்சு. நான் பார்த்தேன்."

"பொய்," என்றாள் அவள், உரக்கவே.