ராவஸைக் காத்த தலைவர்

தாராவி தூண்டில் நண்பர்கள் சங்கத்தின் தலைவர் ஜெயினுலாப்தீனுக்கு ஒரே ஒரு குறைதான். வாழ்நாளில் ஒரு ராவஸ் மீனைக்கூட அவர் பிடித்ததில்லை.

இந்த ரகசியம் தனக்கும், தாதர் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஹீராதாயிக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். ஞாயிறுதோறும் தூண்டிலோடு மாஹிம் பாறைகளில் உட்காருவார். இரையாக மாட்டிய இறாலை நண்டு தின்றுவிட்டு நன்றி சொல்லாமல் போகும். பிறகு வீட்டுக்குக் கிளம்புவார். மாஹிமிலிருந்து தாராவிக்குத் தாதர் வழியல்ல. தலைவருக்கு மட்டும் அதுதான் வழி. ஹீராதாயி கொடுக்கும் ராவஸை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்து போட்டோ எடுத்தால் மீன் பெரிதாகத் தெரியும், தலைவர் அடக்கமாகத் தெரிவார்.

இந்த வருஷம் ராவஸ் வரத்து குறைந்துபோனது. மும்பைத் தூண்டில் சங்கங்களின் கூட்டமைப்பு கூடி, பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்கள் இனப்பெருக்கக் காலம் முடியும்வரை ராவஸை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தூண்டிலில் மாட்டினால் உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. அதை ஜெயினுலாப்தீன் ஆதரித்த மாதிரி வேறு யாரும் ஆதரிக்கவில்லை. பிடிக்கத் தெரியாமல் இருந்த மனிதருக்கு, பிடிக்காமலிருப்பது கொள்கையாகக் கிடைத்தால் விடுவாரா? கடலன்னையை மூன்று மொழிகளில் அழைத்துப் பேசினார். "ராவஸின் காவலரே!" என்று பேனர் வந்தது. அதில் அவர் திமிங்கலம் அளவு இருந்தார், ராவஸ் நெத்திலி அளவு இருந்தது.

சங்கச் செயலாளர் நம்பிராஜனுக்கு மாட்டுங்காவில் பூக்கடை. தலைவர் நாற்காலி மேல் நெடுநாளாக ஒரு கண்.

"பாய், ஞாயித்துக்கெழம நம்ம சங்க விழால நீங்க உங்க கையால ஒரு ராவஸப் புடிச்சு, எல்லாரு முன்னாலயும் கடல்ல விடணும். கூட்டமைப்புத் தலைவரு வாராரு. உங்களுக்கென்ன, வாராவாரம் புடிக்கிற ஆளுல்லா!"

"அதுக்கென்னவே, ஜமாய்ச்சிருவோம்" என்றது ஜெயினுலாப்தீனின் வாய்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹீராதாயியிடம் முழு ராவஸ் ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தார். விடியுமுன் பாறை இடுக்கில் ஒளித்து, தூண்டில் முள்ளை அதன் வாயில் மாட்டி வைத்துவிட்டால், விழாவில் இழுக்க வேண்டியதுதான் பாக்கி. மீன் செத்திருப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கடலில் விட்டால் முழுகிவிடும், அவ்வளவுதானே?

விடிகாலையில் ஃபிரிட்ஜைத் திறந்தவர் அலறினார். ராவஸ் உடம்பில் வரிவரியாகக் கீறல். கீறலுக்குள் மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு.

"ஏ சுலைகா! என்ன காரியம் பண்ணிருக்கே?"

"மீனக் கொண்டாந்தா மசாலா தடவாம மருதாணியா வைப்பாங்க?" என்றாள் அவர் மனைவி. "நல்லா ஊறட்டும்னு ராத்திரியே தடவினேன்."

குழாயடியில் தேய்த்தார். மிளகாய் போனது, மஞ்சள் போகவில்லை. ஆனால் ஜெயினுலாப்தீன் யார்? தாராவியில் லெதர் பை தைக்கும் ஒர்க்‌ஷாப் முதலாளி. கிழிந்த தோலைப் புதுத்தோல் ஆக்குவதுதான் தொழில். மீனைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினார். மெழுகு நூலால் கீறல்களைத் தைத்தார். கல்யாண சீசனுக்கு லேடீஸ் பைகளில் அடிக்கும் வெள்ளிக் கலரை மேலே ஸ்பிரே செய்தார். ராவஸ் உயிரோடு இருந்தபோதுகூட இப்படி மின்னியதில்லை. பழக்க தோஷத்தில் ஜிப் வைக்காமல் விட்டதே பெரிது.

விழாவில் பத்து நிமிஷம் போராடுவதுபோல் நடித்துத் தூண்டிலை இழுத்தார். கைதட்டல் வானைப் பிளந்தது. "போ மகளே, உன் குலம் பெருகட்டும்!" என்று கண் கலங்க மீனைக் கடலில் விட்டார்.

மகள் போகவில்லை. மல்லாந்து மிதந்தாள். ஜிகுஜிகுவென்று மின்னினாள். அலை அவளைக் கொண்டுவந்து நம்பிராஜன் காலடியில் போட்டது.

நம்பிராஜன் குனிந்து எடுத்தார். முகர்ந்தார். புரட்டினார்.

"பாய், இது நம்ம ஒர்க்‌ஷாப் தையல்லா?"

அப்போது மேடையோரத்தில், மீனவர் சார்பில் சால்வை வாங்க வந்திருந்த ஹீராதாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெயினுலாப்தீனைக் காட்டினாள், நம்பிராஜனைக் காட்டினாள், பின்வரிசை முழுக்கக் காட்டினாள்.

"அரே வா! மேரே சாரே கிராக் இதர் ஹீ ஹை!"

அவளுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறார்களாம். செயலாளர் அவசரமாக மேகத்தைப் பார்த்தார். உறுப்பினர்கள் தங்கள் செருப்பைப் புதிதாகக் கண்டார்கள்.

கூட்டமைப்புத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எதையும் சாதனையாக்கத் தெரிந்தவர். தொண்டையைக் கனைத்து, "கட்டுப்பாடு வருவதற்கு முன்பே ஒரு ராவஸையும் பிடிக்காமல் காத்துவந்த ஒரே சங்கம் இதுதான்!" என்று அறிவித்தார். மறுபடியும் கைதட்டல். எல்லாரும் வடாபாவ் பக்கம் ஓடினார்கள்.

ஜெயினுலாப்தீன் மட்டும் பாறையில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்க மாட்டாமல் இறால் மாட்டி வீசினார். விழாவுக்கு வந்திருந்த சுலைகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"எல்லாந் தெரியும். கடல்ல புடிச்ச மீனோட ஐஸுகட்டியுமா வரும்?"

தூண்டில் வளைந்தது. அவர் நண்டு என்று நினைத்தார். நண்டு இப்படி இழுக்காது. பாறையில் வழுக்கி, லுங்கி நனைந்து, "யா அல்லாஹ்" என்று கூவி அவர் கரையேற்றியது, கைநீளத்தில் துள்ளுகிற, தையல் இல்லாத, அசல் ராவஸ்.

"ஏங்க, நெசமாவே மீனு! சட்டுனு பையில போடுங்க. ஒருத்தரும் பாக்கல."

ஜெயினுலாப்தீன் பைக்குள் துழாவினார். போன் இல்லை. விழாவைப் படம் எடுக்கக் கொடுத்தது நம்பிராஜன் பாக்கெட்டிலேயே இருந்தது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் முள்ளைக் கழற்றினார். தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். இந்தத் தடவை வசனம் எதுவும் வரவில்லை. ஒரு வெட்டு வெட்டி அது போய்விட்டது.

"பேனர் போட்டுட்டானுவல்லா" என்றார், முகமெல்லாம் பல்லாக.

சுலைகாவுக்குப் பொறுக்கவில்லை. வடாபாவ் கூட்டத்துக்கு ஓடினாள். "எண்ணே, இப்பம் நெசமாவே ஒரு ராவஸப் புடிச்சு விட்டாங்க! இம்புட்டு நீளம்! எங்கண்ணால பாத்தேன்!"

நம்பிராஜன் வடையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மைனி, நீங்களும் சங்கத்துல சேந்துட்டீயளா?"