விட்டேத்தி

"முகவரி சொல்லுங்க" என்றாள் என் அக்கா. என்னிடம்! அப்பா பேச்சுமூச்சில்லாமல் தரையில் கிடக்கிறார். ஆம்புலன்சுக்கு நான் அடித்த போனை எடுத்தவள் என் கூடப்பிறந்தவள். அவள் என்னிடம் முகவரி கேட்கிறாள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. அங்கே போன் எடுக்க இரண்டு மூன்று பேர்தான் என்பதால் அழைப்பு அவளிடமே போய் விழுந்துவிட்டது. "அக்கா, நான்தான்க்கா! அப்பா விழுந்துட்டாரு!" என்று அலறினேன். "எங்க இருக்கீங்க? முகவரி சொல்லுங்க." வாயில் வந்தபடி திட்டினேன். அவள் குரல் இம்மியும் அசையவில்லை. சொல்லித் தொலைத்தேன்.

"வண்டி கிளம்பிடுச்சு. ரெண்டு கையையும் நடு நெஞ்சுல வச்சு அழுத்துங்க. நான் எண்ணுறேன், நிறுத்தாதீங்க." வண்டி வரும்வரை எண்ணிக்கொண்டே இருந்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு 'நீங்க' என்றாள்.

வேலை முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தோளில் சாப்பாட்டுப் பையோடு. அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். உயிர் இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் தம்பி உசுருக்குப் போராடுறான், இவ ட்யூட்டி முடிச்சுட்டு ஆடி அசைஞ்சு வர்றா. விட்டேத்தி!"

எங்கள் வீட்டில் உப்பைப் போலப் புழங்கிய சொல் அது. குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "ம்" என்று மட்டும் சொன்ன அப்பா அம்மாவுக்கு விட்டேத்தி. பரீட்சையில் கோட்டைவிட்டு டிவி பார்த்த நானும் விட்டேத்தி. அப்போதெல்லாம் அது செல்லத் திட்டுதான். அன்றைக்குத்தான் அதன் முழுப் பொருள் எனக்கு உறைத்தது. விட்டுவிட்டு ஓடிப்போனவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கூடவே இருந்துகொண்டு, எதிலும் ஒட்டாமல் இருக்கிறாளே, அவளைச் சொல்கிற சொல்.

"அத்தை சொன்னதுல என்ன தப்பு?" என்றேன். "நீ பொறந்த வீட்டு முகவரிய என்கிட்ட கேக்குற. உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"விழுந்துட்டாருன்னுதான சொன்ன? வீட்லயா, கடையிலயா?"

அப்பா விழுந்தது எங்கள் கடையில். நானாக அதைச் சொல்லவே இல்லை.

"வீடுன்னு நெனச்சு வண்டிய அங்க அனுப்பியிருந்தா?" அதையும் அதே குரலில்தான் கேட்டாள். நியாயம்தான். நியாயம் இருந்தால் கோபம் போய்விடுமா? இன்னும் கூடியது. ஒரே ஒரு தடவை, "அழாதடி" என்று சொல்லியிருந்தால் குடியா முழுகிவிடும்?

அப்போது வரவேற்பு மேசையிலிருந்து அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா முந்திக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மக."

"வீட்டு முகவரி சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். தோளிலிருந்து சாப்பாட்டுப் பை நழுவி விழுந்து டப்பா உருண்டது. மூடி திறந்து, தொடாத சோறு தரையெல்லாம் சிதறியது. அவள் குனியவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முகவரிம்மா" என்றார் மேசைக்காரர்.

எனக்குத் தெரியும். நான் உடனே சொல்லவில்லை.