சரிவுப் பலகை

பூட்ஸ் வாங்கும்போது தானும் வருவதாகவும், தனக்குத் திருப்தியில்லை என்றால் பனிமலைப் பயணமே கிடையாது என்றும் அம்மா சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் மென்மையான ஒரு ஜோடியை நீட்டினார். "பாப்பாவுக்கு இது போதும்மா. பூ மாதிரி இருக்கும்."

அதை இரு கைகளாலும் மடக்கினேன். வளைந்தது. கடைகளில் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை; ஆனாலும் சொன்னேன்.

"வளையக்கூடாதுங்க. ஐஸ்ல ஏற அடியில இரும்பு முள் மாட்டணும். பூட்ஸ் வளைஞ்சா அது கழண்டுடும்."

அவர் உள்ளே போய் விறைப்பான ஜோடியைக் கொண்டுவந்தார். தடித்த காலுறையோடு அணிந்து, கடையிலிருந்த சரிவுப் பலகையில் இறங்கினேன். பெருவிரல் முட்டியது.

"இன்னும் ஒரு சைஸ் பெரிசு குடுங்க."

"ஏறுறதுக்கு இதுவே கச்சிதமா இருக்கேம்மா."

"ஏறினா இறங்கணுமே. அப்ப முட்டினா நகமே போயிடும்."

பெரிய ஜோடியில் விரல் முட்டவில்லை, குதிகாலும் எழும்பவில்லை.

கடைக்காரர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "துணைக்கு ஆம்பளைங்க யாராவது போறாங்களாம்மா?"

ஒரு மாதமாக அம்மா என்னைக் கேட்டதும் இதைத்தான். ஏறும்போது எங்களை ஒன்றாகப் பிணைக்கும் கயிற்றில் முதலாவதாகப் போவது நான் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"ரெண்டு பேர் போறாங்க," என்றாள் அம்மா, பூட்ஸ் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தபடி. "இவளுக்குப் பின்னாடி."