வராத குழந்தைக்கு ஒரு தொட்டில்

அந்தப் பொய்யைச் சொன்னபோது ஊர்ஷுலா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டம் போட்டுச் சொன்னதில்லை. கத்தி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, வாயும் அது பாட்டுக்குப் போய்விட்டது.

"கமில் நார்வேயிலேருந்து திரும்பி வரான், ஸோரியானா. அந்தப் பொண்ணு முழுகாம இருக்கா. மாடியிலதான் தங்கப் போறாங்க."

கமில் அவளுடைய மகன். அவன் திரும்பி வருவதாக இல்லை. அவனோடு இருந்த பெண்ணோ பிள்ளை குட்டியே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவள். மாடியில் இருந்தது ஸோரியானாவும் அவள் மகள் யாரின்காவும் மாமனார் பனாஸும். ஸோரியானாவின் புருஷன் அங்கே உக்ரைனில் போர்முனையில் இருந்தான். சண்டை தொடங்கிய மாதம் ஊர்ஷுலாவின் கணவர் லெஷெக் எல்லை ரயில் நிலையத்துக்குப் போய், குளிரில் நின்ற மூன்று பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் இருக்கட்டும் என்றுதான் பேச்சு. அது இரண்டு குளிர்காலமாக நீண்டுவிட்டது.

அவர்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கொடுமை. திருடியிருந்தால் கத்தலாம், சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் போடலாம். அடுப்பில் எந்நேரமும் இன்னொருத்தி வைத்த பாத்திரம் கொதித்தது, மாடிப்படியில் சிறுமியின் பூட்ஸ் கிடந்தது. தன் சமையலறையில் தான் நைட்டியோடு நடக்க முடியவில்லை. சொல்லப்போனால் இவ்வளவுதான். ஆனால் இதை எந்த முகத்தோடு சொல்வது? பாதிரியார் பூசையில் அவள் பெயரைச் சொல்லிப் புகழ்ந்திருந்தார். பக்கத்து வீட்டு வாண்டா பார்க்கும்போதெல்லாம், "உனக்கென்னடி, நீ நேரா சொர்க்கத்துக்குத்தான்" என்பாள். சொர்க்கத்துக்கு டிக்கெட் வாங்கினவள், என் வீட்டைவிட்டுப் போங்கள் என்று எப்படிச் சொல்வாள்?

ஸோரியானா உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு நல்ல சேதி அக்கா. எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஒரு இடம் பாத்துக்கறோம்."

இடத்தை ஊர்ஷுலாவே பார்த்தாள். அப்படி ஒரு வேகம் அவளுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. லூப்லின் நகரத்தில் சித்தி மகளைப் பிடித்து ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஸோரியானாவுக்கு வேலை வாங்கினாள். யாரின்காவுக்குப் பள்ளியில் இடம் இல்லை என்ற அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, இருக்கிறது என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு அறை வீடு, பழைய சோபா, பாத்திரங்கள், இறகு மெத்தை எல்லாம் அவள் தேடியது. ஊரே மெச்சியது. "சொந்தப் பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் ஓட மாட்டாங்க" என்றாள் வாண்டா. ஊர்ஷுலா தன் காலணியைப் பார்த்துக்கொண்டாள். விரட்டுகிறவளின் ஓட்டம் அது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பனாஸ் வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டியவர். இங்கே வந்தபின் பொழுது முழுக்கக் கொல்லையில் லெஷெக்கின் புறாக்கூண்டருகேதான் இருந்தார். அவர் தன் மொழியில் பேசுவார், இவர் தன் மொழியில் பேசுவார், புறா விஷயத்தில் இருவருக்கும் எல்லாம் புரிந்தது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் மனிதர் விறகுக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டார். ஒரே தட்டலும் இழைத்தலுமாக இருந்தது. கடைசியில் வெளியே தூக்கிக்கொண்டு வந்தது ஒரு தொட்டில். பழைய அலமாரிக் கதவை அறுத்துச் செய்தது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

"எதுக்குய்யா இதெல்லாம்?" என்றாள் ஊர்ஷுலா.

"ரெண்டு வருஷம் சோறு போட்ட வீடும்மா. வெறுங்கைய வீசிட்டுப் போகச் சொல்றியா? என் மகன் பொறந்தப்ப நான் வண்டியில கிடந்தேன், அவனுக்கு ஒண்ணும் செய்யல. இப்ப நேரம் கொட்டிக் கிடக்கு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதும்பாங்களே. ஆகாதாமே."

பனாஸ் சிரித்தார். "கறுப்புப் பூனை குறுக்க போச்சுன்னு நான் பிரேக் போட்டிருந்தா ஒரு ரயிலாவது ஊர் போய்ச் சேந்திருக்குமா?" என்று சொல்லி, காலால் ஒரு உந்து உந்தினார். வெறும் தொட்டில் ஆடியது. லெஷெக் புறாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் அவருக்கும் தெரியும்.

"சொல்லித் தொலையேன்" என்றார், கிழவர் உள்ளே போனதும்.

"நீங்க சொல்லுங்களேன்."

"பொய்ய அவுத்து விட்டது நீ."

"மாடி நமக்கு ரெண்டு பேருக்கும்தானே வேணும்?"

அவர் தீவனச் சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்த வீட்டில் பதில் இல்லாத போதெல்லாம் புறாக்களுக்குப் பசிக்கும்.

அவர்கள் போனார்கள். முதல் வாரம் ஊர்ஷுலா நைட்டியோடு வீடு முழுக்க நடந்தாள். பிறகு ஞாயிறு வந்தது, ஃபோனும் வந்தது.

"மருமக எப்படி இருக்கா? ஒழுங்கா சாப்பிடறாளா? நிறைய நடக்கச் சொல்லும்மா" என்றார் பனாஸ்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்தவுடன் இதே விசாரிப்பு. இல்லாத வயிறு மாதா மாதம் வளர்ந்தது. ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்றால் வேலை, டிக்கெட், டாக்டர் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னாள். ஸோரியானா பின்னி அனுப்பிய குட்டிக் காலுறைகள் பார்சலில் வந்தன. அவற்றைத் தொடவே கூசியது. கிறிஸ்துமஸ் நெருங்கியது, பிள்ளை பிறந்தாக வேண்டும். ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"குழந்தை தங்கலய்யா" என்றாள் அந்த ஞாயிறு. "போயிடுச்சு."

எதிர்முனையில் ஃபோன் வைக்கப்பட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அப்படி இருந்ததே, அதைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் வாசலில் பனாஸ் நின்றார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். சவரம் இல்லை, தொப்பியில் பனி. உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை.

"தொட்டில் எங்கம்மா? குடு. கொண்டுபோய் எரிச்சுடறேன்."

"ஐயா, முதல்ல உள்ள வாங்க."

"நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் பெரிய மேதாவியாட்டம் சிரிச்சேன். வெறும் தொட்டிலக் கால்ல வேற ஆட்டினேன். ஒரு பச்சை மண்ண நான் கொன்னுட்டேன். உன் மகன் நம்பர் குடு. அவன்கிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். கேட்டாத்தான் எனக்கு ஒரு வாய் தண்ணி இறங்கும்."

லெஷெக் தீவனச் சட்டியோடு வந்து நின்றார். இந்த முறை நகரவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

மூன்றாவது பொய்யும் தயாராக வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் வேறு காரணம் சொன்னார், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாம். நல்ல பொய்தான், ஆனால் கிழவர் அதை நம்ப மாட்டார். சாகும்வரை தன்னையே நொந்துகொண்டு கிடப்பார்.

"குழந்தையே இல்லய்யா" என்றாள். "எப்பவுமே இல்ல. கமில் வரவும் இல்ல. எனக்கு மாடி வேணும்னு இருந்துச்சு. நேரா சொல்ல வாய் வரல. பொய் சொன்னேன். நேத்து சொன்னதும் பொய்."

பனாஸ் புரியாமல் லெஷெக்கைப் பார்த்தார். லெஷெக் தலையை ஆட்டினார்.

"அப்ப யாரும் சாகலையா?"

"இல்லய்யா."

"எந்தக் குழந்தையும்?"

"இல்ல."

கிழவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். மறுபடியும் போட்டுக்கொண்டார். பனி படிந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டட்டும் என்று ஊர்ஷுலா காத்து நின்றாள். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் மூச்சு வாங்கி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரூம் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு சாயங்காலமே கிளம்பியிருப்போமேம்மா."

குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கில் தான் எங்கே பிசகினோம் என்று தேடுகிறவரைப் போலக் கேட்டார். சூப் இருக்கிறது, சாப்பிட்டுப் போங்கள் என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். லெஷெக் காரில் கொண்டுபோய்விட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. சூப் ஆறிப்போகும்வரை பார்த்துவிட்டு ஊர்ஷுலாவே கூப்பிட்டாள். ஸோரியானா எடுத்தாள்.

"எல்லாரும் சௌக்கியம் அக்கா. யாரின்கா நல்லா படிக்கிறா. வேலை நல்லா போகுது. நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டோம்."

"ஐயா இருக்காராம்மா?"

"மாமா வெளிய போயிருக்காரு அக்கா."

பின்னால் பனாஸ் பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் குரல் தெளிவாகக் கேட்டது. ஸோரியானாவும் ஃபோனைப் பொத்தவில்லை.

"சரிம்மா. வந்தா நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேன் அக்கா" என்றாள் ஸோரியானா, அதே மரியாதையோடு.